முன்னாடி இன்னா அரைச்சீங்க?

எங்கள் வீடு பொட்டலத்தில் ஓடிய வீடு. இட்லி மாவு பொட்டலம், தயிர் பொட்டலம், சாம்பார் தூள் பொட்டலம், இடியாப்பத்துக்கும் பொட்டலம். எங்கள் சமையலறையில் அதிகம் உழைத்த கருவி கத்தரிக்கோல்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கு வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கினால், பட்டா வரவில்லை, பென்ஷன் வரவில்லை, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று ஊர்க் குறையெல்லாம் என் விரல் வழியாகத்தான் கலெக்டர் ஆபீசுக்குள் போகும். வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர், கீழ்பென்னாத்தூர் ரூட்டில். முதல் நடைக்கு இருட்டோடு கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிற வீட்டில் உளுந்து ஊறவைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பிறகு அவர் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. இருபது வருஷமாகப் புகையிலையை அடக்கி வைத்திருந்த அதே கன்னம். அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் கத்தரிக்கோல் தேவைப்பட்டதில்லை, பல்லாலேயே கிழித்துக்கொள்வார். நான் கத்தாத கத்தல் இல்லை. "விடியக்காலம் தூக்கம் வருது, இது இல்லாட்டி டிக்கெட் கிழிக்க முடியாது" என்பார். புண் ஆறவில்லை. வேலூருக்கு அலைந்தோம். கன்னத்தில் கத்தி வைத்தார்கள், நாக்கின் ஓரத்தையும் கொஞ்சம் எடுத்தார்கள். அதன் பிறகு கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கரண்ட் முடிந்தபோது வாய்க்குள் தோலே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பச்சைத் தண்ணீர்கூட எரிந்தது. ஊர் பேரையெல்லாம் ஒரே மூச்சில் கூவுகிற மனிதருக்கு என் பேரைச் சொல்லக்கூட நாக்கு புரளவில்லை.

அவர் பேச்சுக்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது அவர்தான். விசிலை எங்காவது விட்டுவிட்டு வந்த நாளில், பஸ்ஸின் தகரத்தில் கையால் தட்டியே வண்டியை ஓட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கிளம்பு, ரைட். அதையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். கஞ்சித் தம்ளரை மோதிரத்தால் ஒரு தடவை தட்டினால் போதும் என்று அர்த்தம். இரண்டு தடவை தட்டினால் இன்னும் ஊற்று. ரொம்பச் சொல்ல வேண்டியிருந்தால், கடையில் வீணாகிப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். ஆனால் அவர் வாயால் கஞ்சி குடிக்க ஆரம்பித்த அந்த மூன்று மாதத்தில் நான் இரண்டாவது தட்டைக் கேட்டதே இல்லை.

ஆபரேஷன் ஆன புதிதில் மூக்கு வழியாக ஒரு டியூப் போட்டு அதில்தான் ஆகாரம் ஊற்றினார்கள். அவருக்கு அது பெரிய அவமானம். யாராவது பார்க்க வந்தால் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொள்வார். டியூபை எடுத்த அன்றைக்கு வீடு வரும் வரைக்கும் மூக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். கரண்ட் முடிந்து போன ஒரு செக்கப்பில், அடுத்ததற்கு நாள் குறித்துக் கொடுத்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெயிட் இதுக்கு மேல கொறையக் கூடாதும்மா. கொறைஞ்சா திரும்ப டியூப்தான். வேற வழி இல்ல" என்றார். தனியாகத்தான் சொன்னார். ஆனால் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

எடைக்கு ஒரு சத்துப் பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரிய டப்பா. அது நாலு நாள்கூட வராது. ஒரு டப்பாவின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குக் காய்கறியும் பாலும் வந்துவிடும். அவர் சம்பளம் நின்றுபோய் மாதங்கள் ஆகிவிட்டன. என் சம்பளத்தில் வாடகை போக மிச்சம் இருப்பது பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகும். முதலில் பொட்டலங்களை நிறுத்தினேன். பாலைக் காய்ச்சி உறை ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டினேன். என் இட்லியை என்னாலேயே சாப்பிட முடியவில்லை என்றாலும் சாப்பிட்டேன். கடைசியில் மிச்சம் இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

"சத்து மாவை வீட்டிலயே அரைச்சுடலாம்னு இருக்கேன் அண்ணி" என்று நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவருக்கு அக்கா, கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார்.

"நோவு வந்தவன் சாப்பாட்டுலயா மிச்சம் புடிப்ப?" என்றார். "காசு வேணும்னா கேளு, நான் தரேன்."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அடுத்த பஸ்ஸிலேயே அந்த பஸ் டிரைவரிடம் ஒரு பை மல்லாட்டை கொடுத்து அனுப்பியிருந்தார், தோல் உரித்த வேர்க்கடலை. அதுதான் நாத்தனார். வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும்.

கேழ்வரகு, கம்பு, கோதுமை, பச்சைப் பயறு, புழுங்கலரிசி, பொட்டுக்கடலை, மல்லாட்டை. இதற்கெல்லாம் என்ன அளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அட்டவணை எழுதிக் கொடுக்கிற பெண்ணிடம் போன் செய்து, அவள் சொன்னபடி எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். கம்பைக் கருக்கினேன். திரும்பவும் வாங்கி வந்து வறுத்தேன். அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் ஒவ்வொன்றாகக் கொட்டக் கொட்ட மூக்கை இழுத்து இழுத்து வாசனை பிடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த மூக்குக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். மெஷினுக்குப் போவது என் வாழ்க்கையில் அது முதல் தடவை மாதிரிதான். இரண்டு மெஷின் இருந்தது. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, இன்னொன்றின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. அது ஏன் மூடிக் கிடக்கிறது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. புருவம் வரைக்கும் மாவு படிந்த மில்காரர் என் பையைப் பிரித்துப் பார்த்தார்.

"சத்து மாவா? கொழந்தைக்காம்மா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரருக்கு."

அவர் சிரித்தார். பின்னால் நின்ற ஒருத்தரும் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அந்தக் கோபத்துக்கு நான் பிறகு கொடுத்த விலையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவர் மெஷினின் வாயில் கொட்டினார். சூடாக மாவு வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பால் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, தம்ளரில் கொடுத்தேன். நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் செய்ததைக் குடித்து மனுஷன் உருகிப்போய்விட்டார் என்றே நினைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

ஆனால் பாதித் தம்ளருக்கு மேல் போகவில்லை. ஒரு தட்டும் இல்லை, இரண்டு தட்டும் இல்லை. தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் கத்தினேன்.

"டப்பா பவுடர்னா எறங்குது, நான் செஞ்சா எறங்கலையா? உசுர விட்டு வறுத்து எடுத்தாந்திருக்கேன். முழுங்கினா கொறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் தம்ளரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மிச்சத்தைக் குடித்தார். முழுதும் குடித்தார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. கத்தினால்தான் வழிக்கு வருவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் மெடிக்கல் கடை வாசலில் இருக்கிற எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியிருக்க வேண்டிய முள் இறங்கியிருந்தது. செக்கப்புக்கு ஒரு வாரம் இருந்தது. அவர் எடையைப் பார்க்கவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒருவேளை மாவு கொரகொரப்பாக இருந்து வாயை உரசுகிறதோ என்று சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் இருந்ததைக் கொட்டிச் சலிக்க உட்கார்ந்தேன். இரண்டு கை சலித்ததும் தும்மல் வந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூக்கைத் துடைத்தேன், கண்ணையும் துடைத்தேன். துடைத்த கண் தீப்பட்ட மாதிரி எரிந்தது.

எனக்கு உடனே விளங்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ரொம்ப மெல்லிசாக, அடியில், ஒரு காரம். நல்ல நாக்குக்குத் தெரியவே தெரியாது. தோல் இல்லாத வாய்க்கு அது எப்படி இருந்திருக்கும்? எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். மெஷினுக்குள் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள் முழுவதும் என் மாவோடு வந்திருக்கிறது. அதை மூன்று நாள் அவருக்கு ஊற்றியிருக்கிறேன். குடிக்கவில்லை என்று திட்டியும் இருக்கிறேன்.

அவர் எதிரில் போய் நின்றேன். "எரிஞ்சுதா?" என்று கேட்டேன். அவர் என் சிவந்த கண்ணைப் பார்த்தார். "எரிஞ்சுதில்ல? ஏங்க சொல்லல? ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா?"

தாளை எடுத்து எழுதினார். "நீ வறுக்கும்போது வாசனை நல்லா இருந்துச்சு. டப்பா காசும் மிச்சம்."

நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டே அழுதேன். அழுதுகொண்டே, "நாளைக்கே டப்பா வாங்கியாந்துடறேன், அண்ணிகிட்ட காசு கேக்கறேன், எனக்கு ஒண்ணும் கௌரவக் கொறைச்சல் இல்ல" என்றேன். அவர் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். நிறுத்து. பிறகு அதே தாளில் கீழே எழுதினார். "மாவே போதும். மொளகா இல்லாம."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுபடி எல்லாம் வாங்கி வறுத்து, கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன். சண்டை போடுகிற தீர்மானத்தோடுதான் போனேன். மறுநாள் பௌர்ணமி. மலை சுற்றுகிற பாதையில் கடை போடுகிறவர்கள் எல்லாம் முதல் நாளே அரைக்க வந்துவிடுவார்கள் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. வரிசை தெருவில் நின்றது. பஜ்ஜிக் கடைக்காரர் ஒருத்தர் மிளகாய் மூட்டையோடு நின்றார். அவருக்கு முன்னால் இருந்தவரின் மிளகாய் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே இருமியது. சாக்கு போட்டு மூடிய மெஷின் அப்படியே மூடிக் கிடந்தது.

நான் நேராக உள்ளே போனேன். "இன்னாங்க இது, மொளகா ஓட்டின மெஷின்ல என் சத்து மாவைப் போட்டீங்களா?"

மில்காரர் நிமிர்ந்து பார்த்தார். "மாவு மெஷின்ல மோட்டாரு எரிஞ்சு பூட்டுச்சும்மா. பதினைஞ்சு நாளா எல்லாமே இதுலதான் ஓடுது. வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, முன்னாடி இன்னா அரைச்சீங்கனு. அரிசி ஓடினா அரிசி போடுவாங்க, மொளகா ஓடினா நின்னு பொறுத்து போடுவாங்க. நீங்க கேக்கல. மூஞ்சியத் திருப்பிக்கினு நின்னீங்க."

உண்மைதான். பொட்டலத்தில் வளர்ந்த எனக்கு, அரைப்பதற்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதே தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆத்திரமெல்லாம் என்மேலேயே திரும்பிவிட்டது. கோபமாகப் பேச ஆரம்பித்தவள் எப்படி அழுகையில் போய் முடித்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கன்னத்தில் கத்தி வைத்தது, கரண்ட் வைத்தது, தோல் இல்லாத வாயில் மூன்று நாள் மிளகாயை ஊற்றியது, எடை இறங்கினால் மூக்கில் டியூப் போட்டுவிடுவார்கள் என்பது எல்லாவற்றையும் அந்த மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன். தினமும் ஊர்க் குறையை நான் டைப் அடிக்கிறேன். அன்றைக்கு என் குறையை ஊரே கேட்டது.

மில்காரர் மெஷினை நிறுத்தினார். "நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். "ஆனா இத கழுவி ஊத்த முடியாது. கல்லுல ஒட்டினது போவணும்னா வேற தானியம் ஓடணும். அப்பதான் அந்தக் காரத்த இழுக்கும். நீங்க நாளன்னிக்கு வாங்க."

நாளை மறுநாள் என்றால் செக்கப்புக்கு இன்னும் இரண்டு நாள் குறைந்துவிடும். நான் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வரிசையில் மூன்றாவதாக ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். வயர் கூடையில் ஊறவைத்து உலர்த்திய அரிசி, மேலே வெள்ளைத் துணி. அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர். கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என் அரிசியப் போடுப்பா முதல்ல."

"யம்மா, அதிரசத்துக்குனு சொன்னியே. இதுல போட்டா காரமாயிடும்."

"ஆவட்டும்."

"அதிரசம் காரமாயிட்டா எவன் வாங்குவான்?"

"முறுக்கு சுட்டுட்டுப் போறேன். மொளகாத் தூள் மிச்சம் எனக்கு" என்றார் அவர். "மல சுத்தறவங்க முறுக்கு வேணாம்னு சொல்லிடுவாங்களா? போடுப்பா."

நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பணம் எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். அரிசி ஓடியது. வெள்ளை மாவு வர வேண்டிய இடத்தில் முதலில் இளஞ்சிவப்பாக வந்தது. அந்த அம்மா அதைப் பார்த்து முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஆள், "என் கோதுமையையும் ஓட்டுங்க, சப்பாத்திதானே, ஒண்ணும் தெரியாது" என்றார். கோதுமையும் ஓடியது. பஜ்ஜிக் கடைக்காரருக்கு அவசரம், கடைச் சாமான் ஏற்ற வண்டி வெளியே நின்றது. அவரும் தன் மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய், தூள் பறக்காத தூரத்தில் வைத்துவிட்டு நின்றார். அதற்குப் பிறகுதான் மில்காரர் என் பையை வாங்கினார். கொட்டுவதற்கு முன்னால், மெஷினுக்குள் ஒட்டியிருந்த மாவில் கொஞ்சம் வழித்து எடுத்து, தன் கண்ணோரத்தில் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எரியல. போடறேன்" என்றார்.

முறுக்கு அம்மா போகும்போது, "வாய் ஆறினதும் வீட்டுக்காரர மல சுத்தக் கூட்டினு வா. என் கடை முறுக்கு தரேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கஞ்சி காய்ச்சினேன். சரியாக ஒரு தம்ளருக்குத்தான் காய்ச்சினேன். மூன்று மாதமாக மிஞ்சியதையெல்லாம் கொட்டிக் கொட்டி, அந்த ஒரு தம்ளருக்கே என் கை பழகியிருந்தது. பாத்திரத்தைக் கரண்டியால் வழித்து ஊற்றினேன். ஆறியதும் நானும் ஒரு துளி எடுத்துக் கண்ணோரத்தில் தடவிப் பார்த்தேன். எரியவில்லை.

அவர் தம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஒரு மிடறு குடித்தார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார், எங்கே எரியப்போகிறதோ என்று காத்திருக்கிற மாதிரி. விழுங்கினார். அடுத்த மிடறு சீக்கிரமாக வந்தது. தம்ளர் மெல்ல மெல்லச் சாய்ந்தது. கீழே வைத்தபோது அடியில் ஒன்றுமில்லை.

மோதிர விரலைத் தூக்கி ஒரு தட்டு தட்டினார்.

சரி, முழுசாகக் குடித்ததே பெரிய காரியம் என்று நான் தம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் தம்ளரை விடவில்லை. இன்னொரு தட்டு தட்டினார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். பாத்திரம் காலி. மிச்சம் பிடிக்கிறேன் என்று துளி விடாமல் வழித்தவள் நான்தானே. மாவு டப்பாவைத் திறந்து, இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் நாலு போட்டேன். பாலை முழுதும் ஊற்றினேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, அது எந்த மிளகாயும் இல்லாத தண்ணீர். அடுப்பு பற்றவே நேரம் எடுத்தது. உள்ளேயிருந்து காலித் தம்ளரில் மறுபடி இரண்டு தட்டு கேட்டது. அதற்குள் இன்னொரு இரண்டு. டிரைவர் வண்டியை எடுக்காமல் டீ குடித்துக்கொண்டு நின்றால் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து கண்டக்டர் தட்டுவாரே, அதே பொறுமையில்லாத தட்டு.

"இருங்க, வரேன்!" என்று கத்தினேன். "பால் பொங்க வேணாமா?"